ஐந்து மணிக் குளிசைக்கு எந்த அலாரம்? ஆண்ட்ராய்டில் நேரம் குறிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

அம்மம்மாவுக்கு விடிய ஐந்து மணிக்கு ஒரு தைரொயிட் குளிசை. வெறும் வயிற்றில் போட வேண்டும். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான். வெள்ளவத்தை வீட்டில் அவருக்காக நானே ஒரு சின்ன நினைவூட்டல் செயலி எழுதினேன். என் மேசையில் பத்து நாள் ஓட்டிப் பார்த்தேன், ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. அவருடைய ஆண்ட்ராய்டு 9 போனில் ஏற்றிக் கொடுத்த முதல் நாளே அலாரம் ஆறு மணிக்குப் பிறகு, அவர் போனைக் கையில் எடுத்த நேரத்தில்தான் ஒலித்தது. அதற்குள் தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் போனது. என் போன் எந்நேரமும் கணினியோடு கேபிளில் இருந்தது. அவருடைய போன் சார்ஜர் இல்லாமல், திரை அணைந்து, கட்டில் பக்கத்து மேசையில் அசையாமல் கிடந்தது. ஆண்ட்ராய்டுக்கு இந்த இரண்டும் வேறு வேறு உலகங்கள். கேபிளில் இருக்கும் போன் ‘டோஸ்’ என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதில்லை. மேசையில் கிடக்கும் போன் போகும்; போனால் சாதாரண அலாரங்களைத் தள்ளிவைக்கும்.

இதற்குப் பிறகு, இங்கே செயலி எழுதப் பழகும் பிள்ளைகள் “எந்த அலாரம் போடுறது அக்கா?” என்று கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் சில கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, எவ்வளவு பிந்தினால் யாருக்கு என்ன கெடும் என்பது. தண்ணீர் பில் கட்டச் சொல்லும் நினைவூட்டல் ஒரு மணிநேரம் பிந்தினால் ஒன்றும் ஆகாது. நோன்பு மாதத்தில் ஸஹர் முடியும் நேரம் பத்து நிமிடம் பிந்தினால் அந்த நாளே குழம்பும். மற்ற எல்லாத் தெரிவுகளையும் இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. அதனால் இதற்கு நிமிடக் கணக்கில் பதில் எழுதி வைத்துவிட்டுக் குறியீட்டைத் தொடுங்கள்.

அப்புறம் இவை: போன் தூங்கும்போதும் ஒலிக்குமா? பாவனையாளரிடம் என்ன அனுமதி கேட்க வேண்டும், அவர் மறுத்தால் என்ன நடக்கும்? போன் அணைந்து மீண்டும் எழுந்தால் அலாரம் மிஞ்சுமா? பழைய போனிலும் புதிய போனிலும் ஒரே மாதிரி நடக்குமா? பெட்டரிக்கு என்ன செலவு?

பழைய போன் என்பது இங்கே வெறும் சாட்டுக்குச் சொல்வதல்ல. கொழும்பில் ஒரே வீட்டுக்குள் மகளிடம் ஆண்ட்ராய்டு 15 இருக்கும், அவள் விட்ட பழைய போன் அம்மாவிடம் 11இல் இருக்கும், அதற்கும் முந்தியது அம்மம்மாவிடம் 8இலோ 9இலோ இருக்கும். நினைவூட்டல் அதிகம் தேவைப்படுவது அந்த மூன்றாவது போனுக்குத்தான்.

## பதிப்புக்குப் பதிப்பு மாறியது என்ன

செயலிகளுக்காக அலாரம் வைத்துக் கொடுக்கும் ஆண்ட்ராய்டின் பகுதிக்குப் பெயர் அலாரம் மேனேஜர். ஆரம்பத்தில் அதன் ‘செட்’ கட்டளை சொன்ன நேரத்துக்கு ஒலித்தது. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, அதைத் தளர்வாக்கியது. பக்கத்துப் பக்கத்து அலாரங்களைச் சேர்த்து ஒரே தடவையில் போனை எழுப்பிப் பெட்டரியை மிச்சம் பிடிப்பது நோக்கம். துல்லியம் வேண்டுவோருக்காக ‘செட் எக்ஸாக்ட்’ தனியாக வந்தது. 5.0இல் ‘செட் அலாரம் க்ளொக்’ வந்தது.

2015இல் 6.0 டோஸைக் கொண்டுவந்தது. நான் விழுந்த குழி இதுதான். பெயரில் துல்லியம் இருந்தாலும் ‘செட் எக்ஸாக்ட்’ டோஸில் ஒலிப்பதில்லை. அடுத்த பராமரிப்பு இடைவேளை (தள்ளிவைத்த வேலைகளைச் செய்யப் போன் சற்று விழிக்கும் நேரம்) வரை காத்திருக்கும். போன் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறதோ அவ்வளவுக்கு அந்த இடைவேளைகளும் தூரத் தூரப் போகும். டோஸிலும் ஒலிக்க ‘செட் எக்ஸாக்ட் அண்ட் அலவ் வைல் ஐடில்’ என்று நீண்ட பெயரோடு வேறொன்று தந்தார்கள். துல்லியமில்லாத வகையிலும் அதற்கு ஒரு சோடி உண்டு. டோஸில் இந்த இரண்டும் ஒரு செயலிக்கு ஒன்பது நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஒலிக்காது. 7.0இல் டோஸின் இலேசான வடிவம் வந்தது. அது போன் அசைந்துகொண்டிருந்தாலும், அதாவது காலி வீதி பஸ்ஸில் பொக்கெட்டுக்குள் இருந்தாலும், தொடங்கும். 9இல் இருந்து, அரிதாகத் திறக்கப்படும் செயலிகளின் வேலைகளும் அலாரங்களும் தள்ளிப்போடப்படுகின்றன.

2021இல் 12 வந்தபோது துல்லிய அலாரத்துக்கு அனுமதி தேவைப்பட்டது. ‘ஷெட்யூல் எக்ஸாக்ட் அலாரம்’ என்று அறிவித்தால் போதும், நிறுவும்போதே கிடைத்துவிடும். ஆனால் பாவனையாளர் அமைப்புகளுக்குள் போய் எப்போதும் அதை எடுத்துவிடலாம். 13இல் ‘யூஸ் எக்ஸாக்ட் அலாரம்’ என்ற இரண்டாவது அனுமதி வந்தது. இது தானாகக் கிடைக்கும், பாவனையாளரால் எடுக்கவும் முடியாது. அதற்கு ஈடாக, அலாரம், டைமர், நாட்காட்டி போன்றவற்றையே முக்கிய வேலையாகக் கொண்ட செயலிகளுக்கு மட்டும் என்று பிளே ஸ்டோர் கட்டுப்படுத்தியிருக்கிறது. 2023இல் 14 வந்தபோது முதல் அனுமதியும் இறுகியது: 13ஐயோ அதற்கு மேலையோ இலக்காகக் கொண்ட (அந்தப் பதிப்பின் விதிகளுக்கு எழுதியதாக அறிவித்த) செயலியைப் புதிதாக நிறுவினால், அது மறுக்கப்பட்ட நிலையிலேயே தொடங்கும்.

இலக்குப் பதிப்பைக் கீழே வைத்துத் தப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிளே ஸ்டோர் வருடாவருடம் அதை உயர்த்தச் சொல்கிறது. அந்தக் கதவு மூடித்தான் கிடக்கிறது.

## ஆறு வழிகள், ஒரே பார்வையில்

| வழி | எவ்வளவு பிந்தும் | டோஸில் | அனுமதி | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| வொர்க் மேனேஜர் | நிமிடங்கள் முதல் மணிக்கணக்கு வரை | காத்திருக்கும் | வேண்டாம் | நேர உறுதி எதுவுமில்லை |
| தளர்வான அலாரம் | 12இலிருந்து பொதுவாக ஒரு மணிநேரத்துக்குள் | ‘அலவ் வைல் ஐடில்’ வகை மட்டும் ஒலிக்கும் | வேண்டாம் | போனுக்குப் போன் வேறுபாடு |
| டோஸிலும் ஒலிக்கும் துல்லிய அலாரம் | சொன்ன நேரத்தை ஒட்டி | ஒலிக்கும், ஒன்பது நிமிட இடைவெளியோடு | 12இலிருந்து வேண்டும் | அனுமதி பறிபோனால் எல்லாம் அழியும் |
| செட் அலாரம் க்ளொக் | பிந்தாது | போனையே டோஸிலிருந்து எழுப்பும் | 12இலிருந்து வேண்டும் | திரை மேலே அலாரம் அடையாளம், பெட்டரி |
| போனின் கடிகாரத்திடம் ஒப்படைப்பது | பிந்தாது | கடிகாரம் பார்த்துக்கொள்ளும் | சாதாரண அனுமதி, கேட்க வேண்டியதில்லை | பிறகு உங்கள் கையில் எதுவும் இல்லை |
| சேர்வரிலிருந்து புஷ் (இணையம் வழி அனுப்பும் செய்தி) | இணையத்தைப் பொறுத்தது | உயர் முன்னுரிமை என்றால் வரும் | துல்லிய அலாரத்துக்குரியது வேண்டாம் | டேட்டா, சேர்வர், காலங்கடந்த செய்தி |

## வொர்க் மேனேஜர்

இது அலாரம் அல்ல, வேலை. ‘இன்றைக்குள் ஒருக்கால் செய்து முடி’ என்பதற்கு இதைவிட நல்லது இல்லை. போன் அணைந்து எழுந்தாலும் தன் பட்டியலைத் தானே மீட்டுக்கொள்ளும், பழைய பதிப்புகளின் வேறுபாடுகளைத் தனக்குள் மறைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்கு ஆகக் குறைந்த இடைவெளி 15 நிமிடம். தரவை ஒத்திசைப்பது, நாளைய தொழுகை நேரங்களைக் கணக்கிட்டு வைப்பது, பழைய பதிவுகளைத் துடைப்பது எல்லாம் இதற்குரியவை. ‘காலை எட்டு மணிக்கு’ என்று இதனிடம் சொல்லிவிட்டு எட்டு மணிக்கு எதிர்பார்த்தால் பிழை உங்களுடையது.

## தளர்வான அலாரம்

பெரும்பாலான செயலிகளுக்கு இது போதும் என்பது என் உறுதியான எண்ணம். ‘இன்று இரவு பாடம் படித்தீர்களா’, ‘பில் கட்டும் நாள் நாளை’ போன்றவற்றுக்குத் துல்லியம் கேட்பது, பாவனையாளரை வீணாக அமைப்புகள் பக்கத்துக்கு அலையவிடுவது.

ஒரு கவனம். ‘செட் விண்டோ’வில் இந்த நேரத்துக்கும் அந்த நேரத்துக்கும் இடையில் என்று சொல்லலாம். ஆனால் 12ஐ இலக்காகக் கொண்ட பிறகு அந்த இடைவெளி பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் ஆண்ட்ராய்டே அதைப் பத்தாக்கிவிடும். டோஸ் இதையும் தள்ளிப்போடும். இரவிலும் ஒலிக்க வேண்டுமென்றால் ‘செட் அண்ட் அலவ் வைல் ஐடில்’தான்.

## டோஸிலும் ஒலிக்கும் துல்லிய அலாரம்

குளிசை, பாங்கு நேரம், இன்சுலின் போன்றவை இங்கேதான் வருகின்றன. அலாரம் வைப்பது ஒரு வரி. கஷ்டம் அந்த வரியைச் சுற்றி இருக்கிறது.

12இலும் மேலேயும் அனுமதி இல்லாமல் அழைத்தால் செயலி பாதுகாப்புப் பிழையோடு விழும். அதனால் ஒவ்வொரு தடவையும், ஆம், ஒவ்வொரு தடவையும், ‘கேன் ஷெட்யூல் எக்ஸாக்ட் அலாரம்ஸ்’ என்று கேட்டுவிட்டே வைக்க வேண்டும். இல்லை என்று வந்தால் தளர்வான அலாரத்துக்கு இறங்குங்கள், இறங்கியதைப் பாவனையாளருக்குச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் இறங்குவது, மருந்து விஷயத்தில், ஒரு மனிதரை ஏமாற்றுவது.

அனுமதியைப் பாவனையாளர் எடுத்துவிட்டால் செயலி நிறுத்தப்படும், வைத்திருந்த துல்லிய அலாரங்கள் எல்லாம் அழியும். அந்த நேரத்தில் உங்களுக்குச் செய்தி வராது. திரும்பக் கொடுக்கும்போது மட்டும் ஓர் ஒலிபரப்பு (ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு அனுப்பும் உள் அறிவிப்பு) வரும். அதைப் பிடித்து எல்லா அலாரங்களையும் மறுபடி வைக்க வேண்டும்.

அனுமதி கேட்கும் விதமும் முக்கியம். செயலி திறந்தவுடன் அமைப்புகள் பக்கத்துக்குத் தூக்கி எறியாதீர்கள். பாவனையாளர் முதல் குளிசையின் நேரத்தைப் போட்டு ‘சரி’ அழுத்தும் கணத்தில், ‘இது சரியாக ஐந்து மணிக்கு ஒலிக்க உங்கள் போனின் அனுமதி வேண்டும். அடுத்த பக்கத்தில் இந்தப் பொத்தானைத் தள்ளுங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பக்கம் காட்டுங்கள். தமிழில் காட்டினால் சரியாகச் செய்கிறார்கள்; இந்த ஒரு பக்கத்தை மொழிபெயர்க்காமல் விடாதீர்கள்.

இரண்டு அனுமதிகளில் எது? செயலி உண்மையிலேயே அலாரமோ நாட்காட்டியோ என்றால் 13இலிருந்து ‘யூஸ் எக்ஸாக்ட் அலாரம்’. முதல் அனுமதியை 32ஆம் இலக்க ஏபிஐ (13க்கு முந்திய பதிப்பின் எண்) வரைக்கும் என்று வரையறுத்து இரண்டையும் சேர்த்தே அறிவிக்கலாம். கடைச் செயலியோ பாடச் செயலியோ என்றால் அதைத் தொடாதீர்கள், மதிப்பாய்வில் திரும்பி வரும்.

## செட் அலாரம் க்ளொக்

மிக நம்பகமானது இதுதான். ஒலிப்பதற்குச் சற்று முன்பே போன் டோஸிலிருந்து வெளியே வந்துவிடும், ஒன்பது நிமிடக் கட்டுப்பாடும் கிடையாது. இதற்கு அனுமதி வேண்டாம் என்று ஒரு பேச்சு நம்மிடையே உலாவுகிறது. அது பிழை. 12ஐ இலக்காகக் கொண்டால் இதற்கும் அதே அனுமதி வேண்டும்.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. இது வைத்தவுடன் திரை மேலே அலாரம் அடையாளம் வரும். பூட்டிய திரையில் ‘அடுத்த அலாரம்’ என்று நேரமும் தெரியும். ஐந்து வேளைத் தொழுகைக்கும் இதையே போட்டால், காலையில் வேலைக்கு எழும்ப ஒருவர் வைத்த சொந்த அலாரம் அந்த இடத்தில் மறைந்துபோகும். ஸஹருக்கு எழுப்ப இது, மற்ற வேளைகளுக்குப் போன பகுதியில் சொன்ன வகை என்று பிரித்தால் எனக்குச் சரியாகப்படுகிறது.

திரை முழுவதும் நிறைந்து எழும்பும் அறிவித்தலை 14 அழைப்புச் செயலிகளுக்கும் அலாரம் செயலிகளுக்கும் என்று ஒதுக்கியிருக்கிறது. அது கிடைக்காத செயலியில் சாதாரண அறிவித்தல்தான் வரும் என்று எண்ணியே வடிவமையுங்கள்.

## கடிகாரத்திடம் ஒப்படைப்பது

பலர் மறந்துபோகும் வழி. பாவனையாளர் உங்கள் செயலியில் பொத்தானை அழுத்த, போனின் கடிகாரச் செயலியில் மணி, நிமிடம், கிழமைகளோடு அலாரம் பதிந்துவிடும். பழைய போனிலும் புதிய போனிலும் ஒரே மாதிரி வேலை செய்யும், போன் அணைந்து எழுந்தாலும் கடிகாரமே பொறுப்பு. தினமும் ஒரே நேரத்தில் ஒரே குளிசை என்றால் இதைவிட எளியது இல்லை. ஆனால் ஒலித்ததா, அணைத்தாரா, குளிசையைப் போட்டாரா என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. நாளுக்கு நாள் மாறும் நேரங்களுக்கும் இது பொருந்தாது.

## சேர்வரிலிருந்து புஷ்

டியூஷன் வகுப்பு பின்போடப்பட்டது, டொக்டர் வரப் பிந்துகிறார் போன்ற, சேர்வருக்கு மட்டுமே தெரிந்த மாற்றங்களுக்கு இது தவிர வழியில்லை. மாறாத நேரத்துக்கு இதை நம்புவது தவறு. டேட்டா முடிந்த போன் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு ஆபத்தை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். செய்திக்கு ஆயுள் குறிக்காவிட்டால் கூகிளின் சேவை அதை நான்கு வாரம் வரை வைத்திருக்கும். இரண்டு நாள் கழித்து டேட்டா போட்டவுடன் ‘குளிசை போடுங்கள்’ என்று வந்தால், வயதானவர் இன்னொன்றைப் போட்டுவிடுவார். ஆயுளைக் குறையுங்கள். எந்த வழியில் வந்தாலும், அறிவித்தலில் ‘காலை 5.00 மணிக் குளிசை’ என்று உரிய நேரத்தை எழுதுங்கள்.

## எந்த வழியானாலும் கூடவே வருபவை

2022இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட நாட்கள் நினைவிருக்கும். போன்கள் சார்ஜ் இல்லாமல் அணைந்தன, கரண்ட் வந்ததும் எழுந்தன. அலாரம் மேனேஜரில் வைத்தவை போன் அணைந்தால் அழிந்துவிடும். எழுந்ததும் வரும் ஒலிபரப்பைப் பிடித்து மறுபடி வைக்காத செயலிகள் எல்லாம் அப்போது மௌனமாகின. எழுந்த போனைப் பூட்டு எண் போட்டுத் திறக்கும் வரை சாதாரண ஒலிபரப்பும் வராது. அதற்கு முன்பே ஒலிக்க வேண்டுமென்றால், 7.0இலிருந்து உள்ள டைரக்ட் பூட் வசதியைப் பயன்படுத்தி, அலாரப் பட்டியலைப் பூட்டுத் திறக்காமலே வாசிக்கக்கூடிய சேமிப்பில் வைக்க வேண்டும்.

நேர வலயம் அடுத்தது. இந்த நாடே 1996இலும் 2006இலும் கடிகாரத்தைத் திருத்தியது, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்று திருத்துவது பயணம்: கொழும்பில் காலை எட்டு என்று மில்லிசெக்கனாகச் சேமித்த அலாரம் தோஹாவில் ஐந்தரைக்கு ஒலிக்கும். குளிசையை ‘எட்டு மணி’ என்றே சேமியுங்கள், வலயம் மாறிய ஒலிபரப்பு வந்ததும் கணக்கிட்டு மறுபடி வையுங்கள். சூம் வகுப்பு என்றால் நேர்மாறு. அதை உலக நேரத்தில் நிலைநிறுத்த வேண்டும்.

13இலிருந்து அறிவித்தல் காட்டவே அனுமதி வேண்டும். அலாரம் துல்லியமாக ஒலித்தும் திரையில் ஒன்றும் வராமல் போவதற்கு இது பொதுவான காரணம். சில கம்பனிகளின் போன்களில் இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவர்களுடைய சொந்தப் பெட்டரிக் காவலும் உண்டு. தானாகத் தொடங்க அனுமதிக்கும் பொத்தானை ஒவ்வொரு போனிலும் தேடிக் காட்டுவதைத் தவிர குறியீட்டில் அதற்கு மருந்தில்லை.

ஐபோன் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: உள்ளூர் அறிவித்தல்களில் காத்திருப்பவை 64 வரைதான் நிற்கும். உண்மையான அலாரத்துக்கு 2025இல் ஐஓஎஸ் 26உடன் அலாரம் கிட் வந்திருக்கிறது.

## என்றால் எதை எடுப்பது

பில், பாடம், பழக்கம், கடைச் சலுகை: தளர்வான அலாரம். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

மருந்து: டோஸிலும் ஒலிக்கும் துல்லிய அலாரம், அனுமதி மறுத்தால் தளர்வானது, அதையும் நம்ப முடியவில்லை என்றால் கடிகாரத்திடம் ஒப்படைக்கும் பொத்தான் ஒன்று. மூன்றையும் ஒரே செயலியில் வைக்கலாம். அம்மம்மாவின் போனில் இப்போது இருப்பது இந்த அமைப்புத்தான். அவருடைய 9இல் அனுமதிப் பிரச்சினையே இல்லை என்பதால் முதல் வழியே நடக்கிறது. அவர் ஆண்ட்ராய்டு 14இலோ அதற்கு மேலோ ஓடும் போனுக்கு மாறும் நாளில் அனுமதிப் பக்கம் தானாக வரும்.

எழுப்ப வேண்டிய நேரங்கள், ஸஹர், விமானத்துக்குப் புறப்படுவது: செட் அலாரம் க்ளொக்.

மாறும் நேரங்கள்: புஷ் வந்தவுடன் உள்ளூரில் அலாரத்தைத் திருத்தி வையுங்கள். ஒலிப்பது போனின் வேலையாக இருக்கட்டும், செய்தி சொல்வது மட்டும் சேர்வருக்கு.

சோதிக்கும்போது கேபிளைக் கழற்றுங்கள். ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) கட்டளையால் சார்ஜர் இல்லாததுபோலப் பாவனை காட்டி டோஸை வலிந்து கொண்டுவரலாம், பகலில் அது போதும். ஆனால் வெளியிடுவதற்கு முன் ஓரிரவு போனைச் சார்ஜரில்லாமல், திரையணைத்து, ஒருவரும் தொடாத மேசையில் விட்டுவிடுங்கள். வீட்டில் கிடைக்கும் ஆகப் பழைய போனாகப் பார்த்து எடுங்கள்.